யாரும் முடிவைச் சொல்லாதீங்க

மச்சான்,

இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உன் வீட்டு வாசலில் நின்ற அந்த மாலையில் பாதிப் பேச்சோடு திரும்பி வந்துவிட்டேன். உன் தம்பியைக் கண்டியில் இரண்டொரு தடவை கண்டபோது தெருவின் மறுபக்கம் மாறிப் போனேன். உன் மனைவி தொலைபேசியில் பேசியபோதும் "சரி மதினி" என்பதற்கு மேல் என் வாயில் வரவில்லை. இன்று காலை முன்பின் தெரியாத ஒரு த்ரீவீலர்காரன் வந்து எல்லாவற்றையும் கிளறிவிட்டான்.

குண்டசாலை வீட்டிலிருந்து கண்டிக்கு வேலைக்குப் புறப்பட்டவன் பஸ்ஸைத் தவறவிட்டேன். கை காட்டியதும் நின்ற த்ரீவீலரில் ஏறினேன். பையனின் ஊர் புசல்லாவை. என் ஊர்ப் பேச்சு என்பதால் காது தானாகத் திறந்துகொண்டது. கண்ணாடியில் சின்ன ரப்பர் பந்து ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபோதே நான் இறங்கியிருக்க வேண்டும்.

"சார் ஃபுட்போல் பாப்பீங்களா?"

"இல்ல."

"அடுத்த கிழமை நொக்கவுட் தொடங்குது சார். நம்ம டீமு இந்த தடவயும் உள்ளுக்கு வந்திருச்சு. போன வருஷம் மாதிரி கவுத்துறாம இருந்தா சரி. செமியில ரெண்டு கோல் முன்னுக்கு இருந்தானுங்க சார்! சொந்த கிரவுண்டுல வச்சு ரெண்டயும் குடுத்துட்டு, பெனல்டியில போனானுங்க. அன்னிக்கு நா சோறே திங்கல."

அவன் சொன்னது நம் அணியைத்தான். கையை உயர்த்தி அவனைத் தடுக்க நினைத்தேன். கை பாதிவரைதான் எழும்பியது. தென்னக்கும்புரப் பாலத்துக்கு வந்தபோது, போன மே மாதத்திலிருந்து நான் பாதுகாத்து வைத்திருந்த அறியாமை முடிந்து போயிருந்தது.

அலுவலகத்தில் மேசை இழுப்பறையைத் திறந்தேன். நீ தந்த மஞ்சள் டேப் உருளை இன்னும் கிடக்கிறது. மின்கம்பி சுற்றும் சாதாரண டேப். முகர்ந்து பார்த்தேன். உன் மின்சாமான் கடையின் மணம் அப்படியே இருந்தது. பசையும் புது வயரும் சேர்ந்த, கொஞ்சம் கசப்பான மணம்.

அந்த டேப்பின் கதை உன் ஊரான கடுகண்ணாவை முழுவதற்கும் தெரியும். ஐரோப்பாவில் பந்து உருளும் நேரத்தில் இங்கே நாய்கூட விழித்திருப்பதில்லை. மறுநாள் உனக்குக் கடை, எனக்கு அலுவலகம். அதனால் ஆட்டத்தை டிவியோடு இணைத்த பெட்டியில் பதிவு செய்துவிட்டு, மறுநாள் மாலை உன் வீட்டில் சேர்ந்து பார்ப்போம். அதுவரை இருவரும் முடிவை அறியக் கூடாது. தொலைபேசியை அணைத்து, அதன் முகத்துக்குக் குறுக்கே மஞ்சள் டேப் ஒட்டிவிடுவோம். உன் சட்டைப் பையிலும் ஒரு துண்டு ஒட்டியிருக்கும். அதைக் கண்டால் கடைத்தெருவில் யாரும் உன்னிடம் பந்தைப் பற்றி மூச்சு விடக் கூடாது. அது உன் சட்டம். அந்தச் சட்டத்தை ஊர் மதித்தது, மதித்த அளவுக்கு உன்னைச் சீண்டவும் செய்தது.

பக்கத்துத் தேநீர்க் கடைக்காரருக்கும் ஊருக்கும் நீ 'நானா', அண்ணன். அவர் வேண்டுமென்றே கேட்பார்: "நானா, நான் ஒண்டும் செல்லல்ல. இண்டைக்கு பிளேன்டிக்கு சீனி கொஞ்சம் கூடப் போடவா?"

"வாயப் பொத்துங்க காக்கா! ஒங்கட சீனியும் வாணாம், தேத்தண்ணியும் வாணாம்!"

பிறகு மாலையில் என்னிடம் புலம்புவாய். "சீனி கூடண்டா வெண்டதா, தோத்ததா மச்சான்? தோத்தவனுக்குத்தானே சீனி குடுப்பாங்க?" ஆட்டம் தொடங்கும் வரைக்கும் அந்தச் சீனியை வைத்து வாதாடிக்கொண்டிருப்போம்.

குழுச் சுற்றுகளுக்கு இந்தச் சட்டம் இல்லை. சொந்த மண்ணில் ஒரு ஆட்டம், எதிரியின் மண்ணில் ஒரு ஆட்டம் என்று ஆடி, தோற்றால் வீட்டுக்குப் போகும் நொக்கவுட் சுற்றுகளுக்கு மட்டும்தான். எனக்கு அந்தச் சுற்றுகளே பிடிக்காது என்று நான் சொல்லாத வருஷம் இல்லை. ஒரு வருஷம் முழுக்க உழைத்தவனைக் கடைசியில் ஒரே மாலையில் ஒரு நடுவரின் விசில் வெளியே அனுப்பிவிடுகிறது. இதில் என்ன நீதி இருக்கிறது? என் அலுவலகத்தில் நடப்பதும் அதுதான். எனக்கு வரவேண்டிய பதவி, என்னிடம் மொழிபெயர்ப்புப் பழகியவனுக்குப் போனது. நேர்முகத் தேர்வு ஒரே மாலைதான். அதை நான் இன்னும் மறக்கவில்லை, மறக்கப் போவதுமில்லை. நீ சிரிப்பாய்.

"ஒனக்கு கோவம் பழசாவுறதே இல்ல மச்சான். ஃப்ரிஜ்ஜில வெச்சி வெச்சி எடுக்கிற."

எதிரணியின் மைதானத்தில் அடித்த கோலுக்கு அதிக மதிப்பு என்றொரு விதி இருந்ததே. அதனால் நம் அணி ஒரு தடவை காலிறுதியில் வெளியேறியது. இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்துக் கோல் சமம், தோல்வி மட்டும் நமக்கு. பல வருஷம் கழித்து அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். செய்தி வந்த அன்று நீ கடையை விட்டுவிட்டு என் அலுவலகத்துக்கே வந்தாய். வாசலில் நின்று, என் மேலதிகாரிகள் கேட்கக் கத்தினாய்: "சட்டத்தயே மாத்திட்டாங்கடா! இப்பவாவது கோவம் தீந்திச்சா?"

"பழைய தீர்ப்ப மாத்தலயே," என்றேன்.

தலையில் கையை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாய். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தக் கட்டடத்தில் நான் சிரித்தது அபூர்வம்.

நீ ஆட்டம் பார்க்கும் விதமும் எனக்குப் பிடிக்காது. பந்து கோலை நெருங்கும்போது திரையைப் பார்க்காமல் என் பக்கம் திரும்புவாய். கேட்டால், "மெச்சப் பாக்கிறத விட ஒண்ட மூஞ்சியப் பாக்க நல்லா ஈக்கி மச்சான்" என்பாய். நம் அணி கோல் வாங்கினால் நான் மதினியின் மெத்தைத் தலையணையைச் சுவரில் எறிவேன். நீ அதை எடுத்துத் தட்டி மறுபடி என் கையில் தருவாய், அடுத்த கோலுக்கு வேண்டுமென்று.

இனி போன வருஷத்துக்கு வருகிறேன். என் கணக்கு அங்கேதான் தீராமல் நிற்கிறது.

நோன்பு மாதத்தில் நொக்கவுட் தொடங்கியது. பகலில் ஒரு வேலையாகக் கடுகண்ணாவைப் பக்கம் வந்தவன் உன் கடைக்குள் நுழைந்தேன். சட்டைப் பையில் மஞ்சள் டேப். கையில் தண்ணீர்க் கிளாஸ். மாத்திரை ஒன்றை விழுங்கிக்கொண்டிருந்தாய். நம் பழக்கத்தில் நீ நோன்பை விட்டு நான் கண்டதில்லை.

"என்னா நானா, இந்த வருஷம் நோன்புக்கும் லீவு போட்டாச்சா?" என்று பகிடியாகக் கேட்டேன்.

கடையில் உன் தம்பி இருந்தான். பல்ப் வாங்க வந்த இருவர் இருந்தார்கள். தேநீர்க் கடைக்காரரும் இருந்தார், நோன்பு என்பதால் கடையை மூடிவிட்டு உன் கதிரையில் உட்கார்ந்திருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பல்புகளைப் பார்த்தார்கள். அவர் மட்டும் வாயைத் திறந்தார்.

"நானாவுக்கு..."

நீ ஒரு விரலைத் தூக்கிச் சட்டைப் பையின் டேப்பைத் தட்டினாய். "காக்கா, அவன் இன்னும் பாக்கல்ல. செல்ல வாணாம்."

அவர் சொல்லப்போனது முந்தின நாள் ஆட்டத்தின் முடிவு என்று நான் நினைத்தேன். காதைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி வெளியே ஓடினேன். என் முதுகுக்குப் பின்னால் அந்தக் கடையில் என்ன முகங்கள் இருந்திருக்கும் என்று இப்போது அடிக்கடி நினைக்கிறேன்.

உன் பரிசோதனை முடிவு அதற்கு முன்பே வந்திருந்தது. கண்டி ஆஸ்பத்திரியில் உனக்குச் சொன்னார்கள். நீ தம்பிக்குச் சொன்னாய், தம்பி மதினிக்குச் சொன்னான், பிறகு கடைத்தெருவே அறிந்தது. நான் ஏறி இறங்கும் பஸ்ஸின் கொண்டக்டருக்குக்கூடத் தெரிந்திருந்தது. பள்ளிக்கூட விடுதியில் உன்னோடு ஒரே அலுமாரியைப் பகிர்ந்தவனுக்கு மட்டும் தெரியாது. "கஸ்ட்ரிக் மச்சான், எண்ணெய்ச் சாமான் ஒத்துக்கொள்றல்ல" என்றாய். நான் கண்டி ஸ்டேஷன் அருகில் வழக்கமாக வாங்கிவரும் பருப்பு வடையில் நீ ஒன்றைக்கூடத் தொடவில்லை. எல்லாவற்றையும் நானே தின்றேன்.

உனக்கு ஏன் அந்த உரிமை வந்தது என்று நான் கேட்கிறேன். பந்தின் முடிவை மறைப்பது நாம் இருவரும் சேர்ந்து செய்த ஒப்பந்தம். இதை நீ தனியாகச் செய்தாய். தெரிந்திருந்தால் நான் மாலையில் மட்டும் வந்திருக்க மாட்டேன். லீவு போட்டிருப்பேன். என் பதவிச் சண்டையை உன் தலையில் கொட்டியிருக்க மாட்டேன். காலிறுதி பார்த்த மாலையில் ஒரு ஓஃப்சைடுக்காக உன்னோடு மல்லுக்கட்டி, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனேனே, அது நடந்திருக்காது. எதிரியோடுகூட அந்தச் சுற்றுகளில் இரண்டாவது ஆட்டம் உண்டு மச்சான். முதல் ஆட்டத்தில் விட்டதைப் பிடிக்க ஒரு வாய்ப்புத் தருவார்கள். எனக்கு அதுவும் இல்லாமல் செய்துவிட்டாய்.

அரையிறுதியின் முதல் ஆட்டத்தை நீ தலையணையில் சாய்ந்துகொண்டு பார்த்தாய். எதிரியின் மண்ணில் நம் அணி இரண்டு கோல் அடித்தது. நான் சந்தோஷப்படவில்லை. "இவனுங்க வீட்டுக்கு வந்து கவுப்பானுங்க, பாத்துக்க" என்றேன். "நீ வெண்டாலும் அழுவ" என்றாய். உன் குரல் மெலிந்திருந்தது. கஸ்ட்ரிக் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

அடுத்த கிழமை இரண்டாவது ஆட்டம். அன்று இரவு படுக்கும்போதே தொலைபேசியை அணைத்து டேப் ஒட்டினேன். மறுநாள் வானொலி இல்லை, பத்திரிகை இல்லை. அலுவலகத்தில் மேசை விளிம்பில் ஒரு மஞ்சள் துண்டு. எல்லாம் வழக்கம் போல. மாலையில் வடை வாங்கிக்கொண்டு கடுகண்ணாவை ரயிலில் ஏறினேன். ரயிலில் யாரும் பேசுவது காதில் விழாதிருக்கக் கதவருகே நின்றேன். அன்று எனக்குள் ஒரு நல்ல நம்பிக்கை இருந்தது. இரண்டு கோல் முன்னிலை. என் கோப மூஞ்சியை எதிர்பார்க்கும் உன்னை ஒரு தடவையாவது சிரித்த முகத்தோடு ஏமாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே உன் ஒழுங்கைக்குள் திரும்பினேன்.

வாசலில் பந்தல் போலத் தறப்பாள் கட்டியிருந்தது. பிளாஸ்டிக் கதிரைகளில் தொப்பி போட்ட ஆண்கள். எல்லாரும் தெரிந்த முகங்கள். ஊரையே ஆட்டம் பார்க்கக் கூட்டிவிட்டாய் என்று நினைத்தேன். உன்னிடம் அப்படிப்பட்ட கூத்துகளை எதிர்பார்க்கலாம். வடைப் பையோடு இரண்டு கையையும் தூக்கிச் சத்தமாகச் சொன்னேன்:

"யாரும் முடிவைச் சொல்லாதீங்க! யாரும் சொல்லாதீங்க!"

ஒருவரும் சொல்லவில்லை மச்சான். தேநீர்க் கடைக்காரர் முகத்தை மூடிக்கொண்டார். நான் இன்னும் சிரித்துக்கொண்டே நடந்தேன். அந்தச் சில அடிகளுக்காக நான் உங்கள் யாரையும் மன்னிக்கப் போவதில்லை. உன் தம்பி வந்து என் கையிலிருந்த பையை மெதுவாக வாங்கினான்.

"நானா விடிய, சுபஹுக்கு முன்னுக்கு மவுத்தாகிட்டார்."

"எங்க? உள்ளயா?"

"பகல் லுஹர் தொழுதிட்டு அடக்கிட்டோம்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"எத்தன தரம் ஒங்களுக்கு ஃபோன் எடுத்தோம். ஒங்கட ஃபோன் ஓஃப்."

"குண்டசாலைக்கு ஒரு த்ரீவீலர அனுப்ப ஏலாதா? ஒப்பிஸுக்கு ஒரு ஆள அனுப்ப ஏலாதா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "மெச் நாளில அவருக்கு ஒண்டும் செல்ல வாணாம் எண்டுதான் நானா எப்பவும் செல்லுவார்."

அவன் அதைச் சாட்டாகச் சொன்னானா, உண்மையிலேயே அப்படி நம்பினானா என்று எனக்குத் தெரியாது. அலைந்து திரிந்த ஒருவன், அண்ணனைப் புதைத்துவிட்டு வந்த கையோடு சொன்னது. ஆனாலும் அவனோடு அதற்குப் பிறகு நான் பேசவில்லை. உன் முகத்தை நான் பார்க்கவில்லை. ஒரு பிடி மண் போடவில்லை. திரும்பி ஸ்டேஷனுக்கு நடந்தேன். ரயிலில் தொலைபேசியின் டேப்பை உரித்தபோது விரல் நகத்தில் பசை ஒட்டிக்கொண்டது.

அந்த ஆட்டத்தின் முடிவை நான் தேடவில்லை. கண்டி ரக்பி ஊர், நாடு கிரிக்கெட் நாடு. ஒதுங்கி இருக்க நினைத்தவனுக்குக் கால்பந்து எளிதில் எட்டாது. இறுதி ஆட்டம் யாருக்கு யாருக்கு என்றுகூட அறியாமல் இருந்தேன்.

செப்டெம்பரில் மதினி பேசினா. நீ போன பின் ஒதுங்கியிருந்த இத்தா காலம் முடிந்து, வெளியாரோடு பேசலாம் என்றானதும் முதலில் எனக்குத்தான் எடுத்தாவாம். நான் கேளாமலே அந்த இரவைச் சொன்னா. நீ விழித்திருந்தாய். டிவியைப் போடச் சொன்னாய். ஆட்டத்தை நடக்கும்போதே பார்த்தாய், கடைசி வரைக்கும்.

"ரெக்கோடும் போடச் சென்னார். ஓடுதாண்டு ரெண்டு தரம் பாக்கச் சென்னார். முடிஞ்ச பொறகு சிரிச்சார். 'அவனுக்கு செல்லாத'ண்டார். பொறகு ஒண்டும் பேசல்ல."

"சரி மதினி," என்றேன்.

நாம் இந்த அணியைப் பின்தொடர்ந்த காலம் முழுவதிலும் ஒரு நொக்கவுட் ஆட்டத்தைக்கூட ஒருவரை விட்டு ஒருவர் பார்த்ததில்லை. நீ பார்த்தாய். மறுநாள் மாலை உனக்கு இல்லையென்று தெரிந்து, என்னை விட்டுவிட்டுப் பார்த்தாய். மிச்சத்தைப் பெட்டியில் எனக்கு எடுத்து வைத்தாய். அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அதைத்தான் இத்தனை மாதம் ஃப்ரிஜ்ஜில் வைத்திருந்தேன். ஒரேயொரு ஆறுதல் இருந்தது. நீ சிரித்தாய் என்றால் நம் அணி வென்றிருக்கும். வெற்றியைப் பார்த்துவிட்டுப் போனாய் என்று வைத்துக்கொண்டேன். முடிவை நான் தேடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

போன கிழமை மதினி மறுபடி எடுத்தா. உன் தம்பி டிவிக் கம்பனியை மாற்றுகிறானாம். பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். "அது இன்னும் ஈக்கி. நாங்க யாரும் தொடல்ல. நீங்க வந்து பாக்கிறீங்களா, இல்லாட்டி குடுத்துடவா? மாசம் முடிய முந்தி ஒரு பதில் செல்லுங்க." நான் பதில் சொல்லவில்லை. கொடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் இருந்தேன்.

இன்று காலை அந்தப் பையன் என் ஆறுதலை எடுத்துக்கொண்டான். நாம் தோற்றிருக்கிறோம். கையிலிருந்த இரண்டு கோலையும் கொடுத்து, சொந்த மண்ணில், மிகக் கேவலமாகத் தோற்றிருக்கிறோம்.

அப்படியானால் நீ எதற்குச் சிரித்தாய்?

பகல் முழுவதும் ஒரு கடிதத்தைக்கூட மொழிபெயர்க்காமல் இதையே யோசித்தேன். அப்படி ஒரு தோல்வியைப் பார்த்துச் சிரிக்க உலகத்தில் ஒரே ஒரு காரணம்தான் உனக்கு இருந்திருக்கும். மறுநாள் மாலை, வாழ்க்கையில் முதல் தடவையாக நம்பிக்கையோடு, வடையும் கையுமாக நான் வந்து உட்காருவேன். முதல் கோல் விழும். இரண்டாவது விழும். மதினியின் தலையணை சுவருக்குப் பறக்கும். நீ திரையைப் பார்க்கத் தேவையில்லை, முழு நேரமும் என் மூஞ்சியைப் பார்க்கலாம். அதற்காகத்தான் பதிவு ஓடுகிறதா என்று இரண்டு தடவை பார்க்கச் சொல்லியிருக்கிறாய். அதற்காகத்தான் அவனுக்குச் சொல்லாதே என்றிருக்கிறாய்.

அப்படியென்றால் நீ அன்று என்னிடமிருந்து விடைபெறவில்லை. மாலையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாய். நான் வந்தேன், நேரத்துக்குத்தான் வந்தேன்.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. நோன்பு மாதத்தில் அந்தக் கடைக்குள் என்னைக் கோமாளியாக்கியது அப்படியே நிற்கிறது. உன் நோயை ஊருக்குச் சொல்லி எனக்குச் சொல்லாதது அப்படியே நிற்கிறது. பழைய தீர்ப்பு எதுவும் மாறவில்லை. உன் தம்பியோடு பேசுவேனா என்பதும் தெரியாது. வாயைத் திறந்து எவராவது ஏதாவது சொல்லப்போனால் இன்றும் என் கை பாதிவரை எழும்புகிறது, தடுக்க. அதை உன்னிடமிருந்துதான் பழகினேன். அதையும் சுமந்துகொண்டுதான் திரிகிறேன்.

இந்தக் கடிதத்தை உன் பெயருக்கு, உன் கடுகண்ணாவை வீட்டு விலாசத்துக்கு எழுதுகிறேன். பிரிக்கப் போவது மதினிதான். உறையின் வாயில் மஞ்சள் டேப்பில் ஒரு துண்டு ஒட்டப் போகிறேன். அதற்கு உங்கள் வீட்டில் ஒரே அர்த்தம்தான் உண்டு. பதிவை அழிக்க வேண்டாம், அவன் வருகிறான், அவன் இன்னும் பார்க்கவில்லை, யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம். மதினி தலையணையை எடுத்து வைப்பா. நானும் ஒன்றும் தெரியாதவன் போலத்தான் உட்காருவேன்.

கீழே பெயர் போட்டுப் பார்த்தேன், விடைபெறுவது போலிருந்தது, வெட்டிவிட்டு இந்தக் கடைசித் தாளைப் புதிதாக எழுதினேன். கையெழுத்து இல்லாமலே, அலுவலகம் விட்டுப் போகும் வழியில் தபால்பெட்டியில் போடப் போகிறேன்.